ஒரு நாளைக்கு ஒரு மணி நேரக் குரல்

ஷூட்டிங்குக்கு வீடும் வண்டியும் ஆளும் பிடித்துக் கொடுக்கிற தொழிலில் தொண்டைதான் முதல். எனக்கு எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. காந்தி மார்க்கெட்டில் தக்காளிக் கூடை சுமந்தேன், கல்யாண மண்டபங்களுக்குப் பாத்திரம் தேய்க்க ஆள் அனுப்பினேன், அப்படியே உருண்டு இந்த வேலைக்கு வந்து சேர்ந்தேன். செல்வராணி அரியமங்கலத்தில் கத்தினால் ஸ்ரீரங்கத்தில் கேட்கும் என்பார்கள். உங்களில் யாராவது இதே தொழிலில் மாட்டிக்கொண்டவராக இருந்தால் உங்களுக்கே தெரியும், கத்தாமல் இங்கே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கூட நகராது. அப்படிப்பட்ட என் கையில் ஜப்பான் நடிகை ஒருவரை ஐந்து நாளைக்கு ஒப்படைத்தார்கள். அந்த ஐந்து நாளில் எது எனக்குப் புரிந்தது, எது புரியவில்லை என்று இன்றைக்குக் கேட்டாலும் திணறுவேன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

வணக்கத்துக்குப் பதில் இல்லை

காவிரியைப் பற்றி ஜப்பான் டிவிக்கு ஒரு நிகழ்ச்சி. அதில் ஆற்றங்கரையில் நடந்துகொண்டே கதை சொல்ல வந்தவர் ஹாருக்கோ அம்மா. அறுபது வயதுக்கு மேல் இருக்கும், ஒல்லியான உடம்பு, தலையில் துணித் தொப்பி. ஏர்போர்ட்டில் மாலையைப் போட்டு வணக்கம் சொன்னேன். குனிந்தார், நிமிர்ந்தார், அவ்வளவுதான். வண்டியில் சாப்பாட்டைப் பற்றிக் கேட்டேன், அறையைப் பற்றிக் கேட்டேன். சின்ன நோட்டில் எதையோ எழுதி மொழிபெயர்ப்பாளர் ஸ்டெல்லாவிடம் நீட்டினார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. பேச வந்தவருக்கு என்னிடம் பேச வாய் வராதா என்று டி.வி.எஸ். டோல்கேட் வருவதற்குள் இரண்டு முறை கேட்டுவிட்டேன்.

ஸ்டெல்லா கே.கே. நகர்ப் பெண், கம்பெனி வேலைக்காக ஜப்பான் மொழி படித்தவள். அவள்தான் மெதுவாக விஷயத்தைச் சொன்னாள். அந்த அம்மாவுக்குப் போன வருஷம் தொண்டையில் ஆபரேஷன். ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசக் கூடாது என்பது டாக்டர் உத்தரவு. இந்தப் படப்பிடிப்பில் குரல் உடைந்தால், டோக்கியோவில் தயாராக இருக்கும் சின்ன வயதுக்காரி குரல் கொடுப்பாள். இந்த அம்மாவின் வேலை அதோடு முடிந்தது. கடைசியில் ஸ்டெல்லா சொன்னாள்: "அவங்க கோவமா இல்லக்கா, சேத்து வைக்கிறாங்க."

பேரம் தெரியாத பேரம்

இரண்டாம் நாள் பெரிய கடை வீதியில் அவருக்கு ஒரு பித்தளைக் குத்துவிளக்கு பிடித்துப்போனது. கடைக்காரர் எனக்கு இருபது வருஷப் பழக்கம், அதாவது இருபது வருஷச் சண்டை. அவர் விலை சொன்னதும் நான் வழக்கப்படி நெஞ்சில் கை வைத்தேன், எதிர்க்கடையைப் பார்த்தேன், படி இறங்கினேன், மறுபடி ஏறினேன். அவரும் வழக்கப்படி அசையவில்லை.

ஹாருக்கோ அம்மா விளக்கைக் கையில் வைத்துக்கொண்டு அதையே பார்த்தபடி நின்றார். பிறகு கடைக்காரரைப் பார்த்தார். மறுபடி விளக்கைப் பார்த்தார். கேட்க ஒரு கேள்வியும் இல்லை, முகத்தில் வேண்டும் வேண்டாம் ஒன்றும் இல்லை. கடைக்காரர் தானாகவே விலையைக் குறைத்தார். அந்த அம்மா பார்த்துக்கொண்டே இருந்தார். கடைக்காரர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு இன்னும் குறைத்தார். நான் வாயைத் திறக்காமல் எனக்கு விழுந்த முதல் விலை அதுதான். நான் கற்ற வித்தையெல்லாம் எதற்கு என்று எனக்கே குழப்பமாகிவிட்டது. விளக்கைப் பேப்பரில் சுற்றிக்கொண்டே கடைக்காரர் சொன்னார்: "உங்ககிட்ட கத்திப் பழகிட்டேன்க்கா, இந்தம்மாகிட்ட என்ன சொல்லித் தப்பிக்கிறதுன்னே தெரியல."

கூட்ஸ் வண்டி

மூன்றாம் நாள் வையம்பட்டிப் பக்கம் வயலைப் படம் பிடித்துவிட்டுத் திரும்பும்போது ரயில்வே கேட் மூடிக் கிடந்தது. கூட்ஸ் வண்டி. பெட்டி வந்துகொண்டே இருந்தது. நான் இறங்கி, கேட்கீப்பர், டிரைவர், ரயில்வே எல்லோரையும் ஒரு பிடி பிடித்துவிட்டு வந்து பார்த்தால், அந்த அம்மா கண்ணை மூடிச் சிரித்துக்கொண்டிருக்கிறார். நோட்டில் பக்கம் பக்கமாக எழுதினார். ஸ்டெல்லா படித்துப் படித்துச் சொன்னாள்.

பத்தொன்பது வயதில் அவர் சேர்ந்த நாடகக் கொட்டகை டோக்கியோவில் ஒரு ரயில் பாலத்துக்கு அடியில் இருந்ததாம். சில நிமிஷத்துக்கு ஒரு ரயில். தலைக்கு மேல் ரயில் வந்தால் நடிப்பவர்கள் சொல்லைப் பாதியில் நிறுத்திவிட்டு, தூக்கிய கை தூக்கியபடி நிற்க வேண்டும். போனதும் அதே குரலில் மிச்சத்தைச் சொல்ல வேண்டும். அதைப் பார்த்த ரேடியோக்காரர் ஒருவர், சும்மா இருக்கத் தெரிந்த ஆளைத்தான் தேடிக்கொண்டிருந்தேன் என்று சொல்லிக் கூட்டிப் போனாராம். அதற்குப் பிறகு திரையில் கிடைத்ததெல்லாம் பக்கத்து வீட்டுக்காரி, கடைக்காரி, யாருக்காவது அம்மா. குரலுக்குக் கிடைத்தது டிவியில் மலை, பனி, நரி பற்றிய படங்கள். நரிக்கு எதற்கு மனுஷி பேச வேண்டும் என்று கேட்டேன். அந்த அம்மா மறுபடி சிரித்தார். கடைசிப் பெட்டி போனபோது ஸ்டெல்லா கடைசி வரியைப் படித்தாள்: "அழுவுற சீன்ல ரயில் வந்தா, போனப்புறம் விட்ட இடத்துலேருந்து அழணுமாம்க்கா. அதுதான் கஷ்டமாம்."

முகம் தெரியாத நடிகை

நான்காம் நாள் ஸ்ரீரங்கம் சித்திரை வீதி. ஜப்பான் சுற்றுலாக்காரர்கள் ஆறு பேர், எல்லோரும் வயசானவர்கள், எங்களைத் தாண்டிப் போனார்கள். ஒருத்தர் கூட இந்த அம்மாவைத் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்குக் கோபம் வந்தது. நம் ஊர் நடிகை டோக்கியோவில் நின்றால் தமிழன் செல்ஃபி எடுக்காமல் விடுவானா? இவர் நிஜமாகவே நடிகைதானா, இல்லை என்னை ஏமாற்றுகிறார்களா என்றுகூட ஒரு நினைப்பு ஓடியது.

அந்தக் கூட்டத்தில் ஒரு பாட்டியம்மா கோபுரத்தைப் படம் எடுக்கப் பின்பக்கமாகவே நடந்தார். டவுன் பஸ் திரும்பிக்கொண்டிருந்தது. ஹாருக்கோ அம்மா ஒரே ஒரு சொல் சொன்னார். சத்தமாகக்கூட இல்லை. பாட்டியம்மா நின்றார். பஸ்ஸைப் பார்க்கவில்லை, குரல் வந்த பக்கம் திரும்பினார். கை வாய்க்குப் போனது. அடுத்த நிமிஷம் ஆறு பேரும் சுற்றி நின்று குனிந்து குனிந்து எழுந்தார்கள். பாட்டியம்மாவின் புருஷன் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண்ணை மூடிக்கொண்டு இந்தக் குரலைக் கேட்டபடிதான் கடைசி நாட்களைக் கழித்தாராம். ஓரத்தில் பூக் கட்டிக்கொண்டிருந்த அம்மாள் என்னைப் பார்த்துக் கேட்டாள்: "யாரும்மா இது, வாயத் தொறந்தாத்தான் ஆளு தெரியுமா?"

அமைதிக்கு ஆள் பிடித்தது

அன்று மாலையே, கேமரா முன்னால், குரல் ஒருமுறை கீறியது. டைரக்டர் ஜப்பான்காரன், இளவட்டம்; ஓரமாகப் போய் டோக்கியோவுக்குப் போன் பேசினான். மிச்சம் இருந்தது ஐந்தாம் நாள் காலை, நிகழ்ச்சியின் கடைசிப் பேச்சு. அதுவும் சரியில்லை என்றால் மொத்தத்துக்கும் வேறு குரல் என்று ஸ்டெல்லா கண் கலங்கச் சொன்னாள்.

இடம் அம்மா மண்டபத்துக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு சின்னப் படித்துறை. கூட்டத்தைக் கூட்டுவதுதான் எனக்குத் தெரிந்த தொழில், அன்றைக்குச் சத்தத்தைக் கலைக்க வேண்டியிருந்தது. விடிந்ததும் இறங்கினேன். டீக்கடை எஃப்.எம்.மை நிறுத்தச் சொன்னேன். பதிலுக்கு, படப்பிடிப்புக்கு வந்த அத்தனை பேருக்கும் அங்கேதான் டிபன் என்று பேரம் முடிந்தது. துணி துவைத்தவரை அடுத்த படித்துறைக்கு அனுப்ப, என் ஆட்களே வாளியைத் தூக்கிப் போனார்கள். எல்லோரிடமும் நான் தணிந்த குரலில் பேரம் பேசியது இதுதான் முதல் தடவை. பாதிப் பேர் எனக்கு உடம்பு சரியில்லை என்று நினைத்தார்கள். கடைசியாக, ஒரு குடும்பத்துக்குத் தர்ப்பணம் செய்து வைத்துக்கொண்டிருந்த சாஸ்திரிகளிடம் போய்த் தயங்கி நின்றேன். அவரிடம் எதை வைத்துப் பேரம் பேசுவது? விஷயத்தை மட்டும் சொன்னேன். அவர் தர்ப்பையைச் சரிசெய்துகொண்டே சொன்னார்: "அரை மணி மெதுவா சொல்றேன்மா, பித்ருக்களுக்குக் காது நன்னாவே கேக்கும்."

வெங்காய வண்டி

ஹாருக்கோ அம்மா படியில் உட்கார்ந்து பேச ஆரம்பித்தார். எனக்கு அந்த மொழியில் ஒரு எழுத்து தெரியாது. ஆனாலும் குரல் தண்ணீர் மேலேயே போய்க்கொண்டிருந்தது போல இருந்தது. நான் சந்து முனையில் காவல். அப்போது ஒலிபெருக்கி கட்டிய வெங்காய வண்டி ஒன்று வந்து நின்றது. வண்டிக்காரரின் கை மைக் பொத்தானுக்குப் போனது. அவ்வளவுதான் எனக்குத் தெரியும். "கைய எடுய்யா" என்று நான் போட்ட கூச்சலில் அக்கரைக் கொக்கு எழுந்து பறந்தது.

படித்துறையில் பேச்சு நின்றுவிட்டது. டைரக்டர் ஹெட்ஃபோனைக் கழற்றினான். வெங்காயக்காரர் கையைத் தூக்கியபடியே சொன்னார்: "நான் இன்னும் ஆன் பண்ணவே இல்லியேக்கா."

விட்ட இடம்

ஹாருக்கோ அம்மா மட்டும் அசையவில்லை. பாதிச் சொல்லில் தூக்கிய கை தூக்கியபடி, கண் ஆற்றின் மேல். கொக்கு ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் திரும்ப வந்து உட்கார்ந்தது. அதன் பிறகு கை கீழே இறங்கியது, பேச்சும் தொடர்ந்தது. அதே உயரம், அதே மென்மை. குரலை அங்கேயே யாரோ பிடித்து வைத்திருந்தது போல. கீறல் இல்லை. முடித்துவிட்டு எழுந்தார்.

டைரக்டர் அதை இரண்டு முறை கேட்டான். பிறகு போனை எடுத்தான். வேறு குரல் வேண்டாம் என்று சொல்லிவிட்டதாகவும், என் கூச்சலை வெட்டப் போவதில்லை, அதற்குப் பின்னால் வந்த அந்த மௌனம் அவனுக்கு வேண்டுமாம் என்றும் ஸ்டெல்லா ஓடி வந்து சொன்னாள். மன்னிப்புக் கேட்க நான் படி இறங்கினேன். அந்த வார்த்தைகளில் எனக்குப் பழக்கம் இல்லை, சும்மா நின்றேன். ஹாருக்கோ அம்மா என் கையைப் பிடித்து, அந்த ஒரு மணி நேரத்தில் மிச்சம் இருந்ததிலிருந்து நாலு சொல் எனக்குச் செலவழித்தார். ஸ்டெல்லா சிரிப்பை அடக்கிக்கொண்டு மொழிபெயர்த்தாள்: "நல்ல கூட்ஸ் வண்டி நீங்கன்னு சொல்றாங்கக்கா."

இருபது வருஷமாகத் தொண்டையை வைத்துப் பிழைத்தவளின் குரல் ஜப்பான் டிவி வரைக்கும் போய்விட்டது, அதற்கு என்ன கூலி கேட்பது, யாரிடம் கேட்பது என்றுதான் இன்னும் பிடிபடவில்லை.