மஞ்சள் மருந்தின் ஐந்து மணி நேரம்

தென்காசியில் இருந்து செங்கோட்டைக்குப் போகிற ரோட்டில் சாரலில் நனைந்தபடி நடந்துகொண்டிருந்தேன். எதிரே வந்த வண்டிகளெல்லாம் குற்றால அருவிக்குப் போகிறவை. ஒரு வேனில் இருந்தவர்கள் என்னைப் பார்த்துக் கையசைத்தார்கள். நான் திரும்பிக் காறித் துப்பினேன். அவர்கள் எனக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை. ஆனால் அன்று கண்ணில் பட்ட எல்லோர் மேலும் எனக்குக் கோபம் இருந்தது.

ஆஸ்பத்திரியில் என் அக்காவைக் குளிர் உலுக்கி எடுத்ததைப் பார்த்துவிட்டு வந்திருந்தேன். கட்டிலோடு சேர்ந்து ஆடினாள். பல் கடகடவென்று அடித்துக்கொண்டது. மூன்று கம்பளி போர்த்தியும் நிற்கவில்லை. அந்த நேரத்தில் நர்ஸ் கேட்ட முதல் கேள்வி, "அருவியில குளிச்சீங்களா?"

எங்கள் பக்கத்தில் சீசன் மாதங்களில் நடுங்கிக்கொண்டு வருகிறவர்கள் எல்லோரிடமும் இதைத்தான் கேட்பார்கள். கேட்பதில் தப்பில்லை. ஆனால் அக்காவுக்கு இரத்தப் புற்றுநோய். தலையில் ஒரு முடி இல்லை. பத்து நாளாக வீட்டையும் ஆஸ்பத்திரியையும் தவிர வேறெங்கும் போகாதவள். ஐந்தடி தள்ளி, கருப்புக் கவர் மாட்டிய மருந்துப் பை காலியாகித் தொங்கிக்கொண்டிருக்கிறது. அதைப் பார்க்காமல் அருவியைக் கேட்கிறார்கள்.

அந்த மருந்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். புற்றுநோய்க்குக் கொடுத்த மருந்தில் அக்காவின் உடம்பில் எதிர்ப்பு சக்தி இல்லாமல் போய், நுரையீரலில் பூஞ்சை பிடித்துவிட்டது. அதைக் கொல்லத்தான் இந்த மஞ்சள் மருந்து. கேரளாவில் அவளுக்கு வைத்தியம் பார்த்த பெரிய ஆஸ்பத்திரியில் மூன்று நாள் ஏற்றிப் பார்த்துவிட்டு, மீதியை ஊர்ப் பக்கமே தினமும் ஏற்றிக்கொள்ளலாம் என்று கடிதம் கொடுத்து அனுப்பினார்கள். வெளிச்சம் படக்கூடாது என்பதால் பைக்குக் கருப்புக் கவர். "பிராந்திக் கடையில இருந்து வாங்கிட்டு வந்த மாதிரில்லா இருக்கு" என்று அக்கா முதல் நாளே சிரித்தாள்.

நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவன். அந்தக் கடிதத்தில் எனக்குப் புரிந்த ஒரே வார்த்தை ஸ்லோ. நாலுவழிச் சாலை வேலையில் நாலு மாதம் வெயிலில் நின்று அந்த வார்த்தை எழுதிய பலகையைப் பிடித்திருக்கிறேன். மீதியை அங்கிருந்த டாக்டரம்மா வாயால் சொன்னார். மருந்துக்கு அரை மணி நேரம் முன்னால் இரண்டு ஊசி. அப்புறம் ஐந்து மணி நேரம், சொட்டுச் சொட்டாக. அவசரப்பட்டால் குளிரும் காய்ச்சலும் தூக்கிப் போடும், நெஞ்சுக்கும் ஆபத்து. "ஆரு கூட இருக்கும்?" என்று கேட்டார். நான் என்று கையைத் தூக்கினேன்.

அத்தானுக்குப் போலீஸ் வேலை. சீசனில் அவருக்கு அருவிக்கரையில் பந்தோபஸ்து, லீவு கிடைக்காது. பிள்ளைகள் இல்லை. ஐஸ் ஃபேக்டரி, லாரி, செங்கல் சூளை என்று எங்கும் ஆறு மாதம் தங்காத என்னைத்தான் கூப்பிட்டார்கள். "ஒரு எடத்துல அஞ்சு மணி நேரம் உக்காருவியாலே? ஒன் சரித்திரத்துலயே கெடையாதே" என்றாள் அக்கா. ஆறு நாள் உட்கார்ந்தேன்.

உட்கார்ந்து பார்த்ததில் ஒன்று தெரிந்தது. அந்த வார்டில் மருந்து ஏறுகிற வேகம் நர்ஸ் கையில் இல்லை. இருபது கட்டிலுக்கு ஒரு நர்ஸ். டியூபில் இருக்கிற சின்னச் சக்கரத்தைக் கூட வந்தவர்கள்தான் உருட்டிக்கொள்வார்கள். பஸ்ஸுக்கு நேரமானால் கூட்டுவார்கள், சாப்பிடப் போனால் குறைப்பார்கள். சீசனில் இது இன்னும் மோசம். சனி ஞாயிறு நாலு மணிக்கு மேல் குற்றாலம் ரோடு நகராது. அக்கா வீட்டுக்கு ஆட்டோவில் திரும்பும்போது வழியில் மேலகரம் தாண்டுவதற்குள் ஒரு மணி நேரம் போய்விடும். அதனால் அந்தப் பக்கத்து ஆட்கள் கல்யாணச் சாப்பாடானாலும் சரி, குளுக்கோஸானாலும் சரி, கூட்டத்துக்கு முன்னால் முடித்துவிட்டுக் கிளம்பப் பார்ப்பார்கள். நர்ஸே சொல்லுவார், "ரெண்டு உருட்டு உருட்டி விடுங்க அண்ணாச்சி, சீக்கிரம் முடிஞ்சிரும்." வெறும் குளுக்கோஸுக்கு அது பரவாயில்லை.

ஏழாவது நாள் சனிக்கிழமை. அத்தான் எப்படியோ இரண்டு மணி நேரம் பெர்மிஷன் போட்டு, யூனிஃபார்மோடு வந்தார். "நான் இருக்கேன், நீ போயி டீ குடிச்சிட்டு வா மாப்ள" என்றார். ஊசி போட்டாயிற்றா என்று நான் கேட்டிருக்க வேண்டும். ஒரு ஊசி ஸ்டாக் இல்லை, வந்ததும் போடலாம் என்று காலையில் சொல்லியிருந்தார்கள். வந்ததா என்று கேட்கவில்லை. டீ குடித்தேன். அப்படியே பஸ் ஸ்டாண்டுக்குப் போய் எந்தெந்த ஊருக்கு வண்டி நிற்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கும் போவதற்கில்லை. பார்த்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

திரும்பி வந்தபோது பை காலி. ஐந்து மணி நேர மருந்து ஒன்றரை மணி நேரத்தில் உள்ளே போயிருந்தது. அக்கா ஆடிக்கொண்டிருந்தாள். அத்தான் அவள் காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். டியூபைத் தொட்டுப் பார்த்தேன். சக்கரம் முழுசாகத் திறந்திருந்தது. பக்கத்து மேசையில் ஒரு ஊசியின் காலிக் குப்பிதான் கிடந்தது. அவர் என் கையைப் பார்த்தார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன்.

டாக்டர் ஓடி வந்தார். ஊசிகள் போட்டார்கள். குளிர் அடங்கக் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் ஆனது. அப்புறம் காய்ச்சல் ஏறியது. டாக்டர் எவ்வளவு வேகத்தில் ஏறியது என்று கேட்கவில்லை, முன் ஊசி போட்டார்களா என்று கேட்கவில்லை. சீட்டின் மேல் சிவப்புப் பேனாவால் பெரிதாக எழுதினார். நர்ஸிடம் சொன்னார், "இவங்களுக்கு இந்த மருந்து அலர்ஜி. இனிமே கொடுக்கக்கூடாது."

அங்கேயே சொல்லியிருக்கலாம். ஊரில் எவன் எவனையோ உண்மையைச் சொல்லச் சொல்லி மிரட்டுகிறவர் அத்தான். அவர் முதலில் சொல்லட்டும் என்று நின்றேன். அவர் தொப்பியைக் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டிருந்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவரை அடித்துவிடுவேன் என்று தோன்றியது. வெளியே வந்து நடக்க ஆரம்பித்தேன். இதுதான் என் பழக்கம். எங்கே சண்டை போட வேண்டுமோ அங்கிருந்து நடந்துவிடுவேன்.

செங்கோட்டைக்கு இந்தப் பக்கம் ஒரு லாரி நின்றது. முன்பு நான் கிளீனராக இருந்த வண்டியின் டிரைவர். கொல்லத்துக்காரர்.

"எங்கலே நடந்து போற? கேறிக்கோ. கிளீனர் ஒருத்தன் ஓடிட்டான். ஒனக்கு எடம் இருக்கு" என்றார்.

ஏறிக்கொண்டேன். புளியறை செக்போஸ்டில் வரிசை நீண்டிருந்தது. முன்னால் காய்கறி லாரிகள். இதைத் தாண்டிவிட்டால் கேரளா. நாளைக்குக் கொல்லம், அப்புறம் எங்கேயோ. போன் அடித்தது. அக்கா.

"எங்கலே இருக்க?" குரல் கிழிந்த துணி மாதிரி இருந்தது.

"இங்கனதான்."

"லாரிச் சத்தம் கேக்குது. பொய் சொல்லுதான் பாரு. எந்த ஊரு?"

"புளியறை."

"நெனச்சேன். சரி கேளு. மருந்த நிறுத்தியாச்சு. அத்தான் சரின்னுட்டாவ. எனக்கும் நல்லதுதான். அந்தக் குளுரு இன்னொரு தடவ வந்தா நான் செத்துருவேன்லே."

"மருந்து போடலேன்னாலும் செத்துருவ" என்றேன். அப்படித்தான் வாயில் வந்தது. "அது அலர்ஜி இல்லக்கா. அத்தான் சக்கரத்தைத் தொறந்து விட்டுட்டாரு. ஊசியும் ஒண்ணுதான் போட்டிருக்காங்க. ஆறு நாளு ஒண்ணும் வரலேல்லா?"

முன்னால் வரிசை இரண்டு வண்டி நகர்ந்தது.

"அவுகளாத் தொறக்கலலே. நான்தான் தொறக்கச் சொன்னேன்" என்றாள். "போன ஞாயித்துக்கெழம, மொத நாளு, ஆட்டோல ஒரு மணி நேரம் மேலகரத்துல நின்னுச்சுல்லா. அந்த மருந்து ஏறுனா ஒண்ணுக்கு முட்டிக்கிட்டு வரும். ரோட்டுல, அத்தன பேருக்கு நடுவுல, எங்க எறங்குவேன்? நனச்சிட்டேன். ஒங்கிட்ட சொல்லல. அதான் கூட்டத்துக்கு முந்தி போயிரலாம்னு சொன்னேன்."

"இத ஏன் டாக்டர்ட்ட சொல்லல?"

"அவரு கேக்கலையே."

எனக்கு அவள் மேலும் கோபம் வந்தது. இன்றைக்கும் இருக்கிறது. அன்று அந்த ஆட்டோவில் டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து டிராஃபிக்கைத் திட்டிக்கொண்டு வந்தவன் நான். பின்னால் ஒரு மனுஷி எதை அடக்கிக்கொண்டு இருந்தாள் என்று திரும்பிப் பார்க்கவில்லை.

"மறுபடியும் போட்டுக்கிடுதியா?" என்று கேட்டேன்.

"நீ வந்து உக்காந்தா போட்டுக்கிடுதேன். அத்தான் உக்காந்தா நான் என்ன சொன்னாலும் செஞ்சிருவாவ. நீதான் நான் சொன்னா கேக்க மாட்ட."

லாரியில் இருந்து குதித்தேன். "ஏலே, எடம் இருக்குன்னு சொன்னேனே!" என்று டிரைவர் கத்தினார். "வேற ஆள் பாருங்கண்ணே" என்று சொல்லிவிட்டு எதிர்ப்பக்கம் வந்த பஸ்ஸில் ஏறினேன். தென்காசி வரை நின்றுகொண்டே வந்தேன். அந்தக் கூட்டமும் அருவிக் கூட்டம்தான். ஈரத் தலையும் எண்ணெய் வாடையுமாக இருந்தது.

சாயங்கால ஓ.பி.யில் டாக்டர் இருந்தார். நான் சொல்லி முடிக்கும்வரை என்னைப் பார்க்கவில்லை.

"பேஷன்ட் சைடுல சக்கரத்தத் தொட்டா நாங்க என்ன பண்ணுறது?" என்றார்.

"தொடச் சொன்னதே ஒங்க சிஸ்டர்தான். ஊசி இல்லேன்னா மருந்த ஏன் ஆரம்பிச்சீங்க?" குரல் ஏறிவிட்டது. வெளியே உட்கார்ந்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அப்போது எனக்குப் பின்னால் யாரோ வந்து நின்றார்கள். அத்தான். யூனிஃபார்மில்தான் இருந்தார்.

"நாந்தான் டாக்டர் தொறந்தேன். ஒன்றர மணி நேரத்துல ஏத்திட்டேன்" என்றார். அக்கா சொன்னாள் என்று அவர் சொல்லவில்லை. கடைசி வரை சொல்லவில்லை.

டாக்டர் கேரள ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டார். அந்தப் பக்கத்துக் குரல் உரக்கக் கேட்டது. மருந்தை நிறுத்தக்கூடாது, நாளைக்கே ஆரம்பிக்கணும், இரண்டு ஊசியும் முன்னால், இந்த முறை ஆறு மணி நேரம், கூடவே ஆள் இருக்கணும். டாக்டர் போனை வைத்துவிட்டுச் சீட்டை எடுத்து, சிவப்பு எழுத்தின் மேல் ஒரு கோடு இழுத்தார். தப்பு என்று சொல்லவில்லை. நர்ஸைக் கூப்பிட்டு, "இவங்க டிரிப்ஸ யாரும் தொடக்கூடாது" என்றார். நர்ஸ் என்னிடம் சொன்னார், "அப்ப நீங்கதான் பாத்துக்கிடணும் அண்ணாச்சி. நான் ஒருத்தி எத்தனையத்தான் பாப்பேன்?" அவர் மேல் கோபப்பட வழியில்லை. ஆனால் இருபது கட்டிலுக்கு அவரை ஒருத்தியாக நிறுத்தியவன் யாரோ, அவனை நான் பார்த்ததில்லை.

அக்காவின் கட்டிலுக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் பேசின் வாங்கி வைத்தேன். ஆட்டோவுக்கும் ஒன்று. "மகாராணிக்கு ரெண்டு பேசினா?" என்றாள்.

மறுநாள் காலை ஐந்து மணிக்கு ஆஸ்பத்திரிக்கு எதிரே இருந்த ஹோட்டலில் போய் வேலை கேட்டேன். முதலாளி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"சீசனுக்கு ஆளு வேணும்தான். ராத்திரி வரைக்கும் நிப்பியா?"

"ஒன்பதர வரைக்கும்தான். அதுக்கு மேல அங்கன வேல இருக்கு" என்று எதிர்க் கட்டடத்தைக் காட்டினேன்.

"எத்தன நாளைக்கு?"

"மருந்து முடியற வரைக்கும்."

அவர் உள்ளே பார்த்து யாரிடமோ கத்தினார். ஒரு மூட்டை சின்ன வெங்காயத்தை என் முன்னால் கொட்டினார்கள். ஒரு பலகையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து உரிக்க ஆரம்பித்தேன்.