இரண்டாவது நெல்

எங்கள் மகளின் தொண்டையில் நெல் சிக்கிய கதையை இந்த வட்டாரத்தில் இப்போது பலர் சொல்கிறார்கள். அவர்களில் யாரும் அன்று அந்த வீட்டில் இல்லை. நான் இருந்தேன். அவளைப் பெற்றவள் நான். பள்ளியில் வரலாறு நடத்துகிறவள் என்பதால் எது முன்னால் நடந்தது, எது பின்னால் நடந்தது என்பதில் எனக்குப் பிடிவாதம் உண்டு. எனவே நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

அவள் மாசியில் பிறந்தாள். பூதலூரில் என் அம்மா வீட்டிலிருந்து ஐந்தாம் மாதம், ஆனியில், ஒரத்தநாட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் என் கணவர் ஊருக்கு அழைத்து வந்தார்கள். ஆடி பிறந்துவிட்டால் அழைக்கக் கூடாதாம், அவ்வளவு அவசரம். மேட்டூர் அணை திறந்து, புது ஆற்றுக் கால்வாயில் தண்ணீர் ஓடத் தொடங்கியிருந்த நாட்கள் அவை.

குழந்தை வளர்ப்பைப் பற்றிக் கையில் கிடைத்ததையெல்லாம் படித்திருந்தேன். எப்போது குப்புற விழுவாள், எப்போது உட்காருவாள், எந்த மாதத்தில் கூழ் கொடுக்கலாம், எல்லாம் அவற்றில் இருந்தது. ஆளாளுக்கு ஒன்று சொன்னால் குழந்தையைப் பற்றி முடிவெடுப்பவர் யார் என்பது மட்டும் இல்லை. பால் போதவில்லை என்று பக்கத்து வீட்டுக்காரி சொன்னால் அன்று மாலையே மாமனார் பால் டின் வாங்கி வருவார். தலையை உருண்டையாக்க வேண்டும் என்று யாராவது வந்து அமுக்குவார்கள். நான் ஏதாவது சொன்னால், "டீச்சரம்மா புத்தகத்துல படிச்சிருக்கு" என்று சிரிப்பு.

என் கணவர் துணி மாற்றக் கற்றுக்கொண்டார். தூளி கட்டுவதில் என்னைவிடக் கெட்டிக்காரர் ஆனார். ஆனால் எல்லாம் அறைக்குள், கதவைச் சாத்திக்கொண்டு. கூடத்தில் அப்பா உட்கார்ந்திருந்தால் குழந்தையைத் தூக்க மாட்டார். அது அழுதால் என்னைக் கூப்பிடுவார். வயலில் இறங்கினால் யாருக்கும் அஞ்சாத மனிதர், ஈரத் துணியோடு அப்பா முன்னால் நிற்க வெட்கப்பட்டார். அப்போது அது எனக்கு வேடிக்கையாக இருந்தது. சிரித்திருக்கக் கூடாது.

ஐப்பசியில் குறுவை அறுவடை. மிஷின் இறங்கிய மறுநாளே மழை பிடித்துக்கொண்டது. கொள்முதல் நிலையத்தில் சாக்கு இல்லை, ஈரம் அதிகம் என்று சொல்லிவிட்டார்கள். ரோட்டோரம் தார்ப்பாய்க்குள் இருந்த நெல் முளைவிடத் தொடங்கியது. மிச்சத்தையாவது காப்பாற்றலாம் என்று அள்ளி வந்து கூடம் முழுக்கக் கொட்டி, மின்விசிறியைச் சுழலவிட்டார்கள். நடக்க ஒற்றையடி அளவு இடம்தான் இருந்தது. சரியாக அந்த வாரம்தான் என் மகள் தவழத் தொடங்கினாள்.

"மாமா, பாதியையாவது மாட்டுக் கொட்டகைக்கு மாத்திடலாமா? பாப்பா எதை எடுத்தாலும் வாயில வைக்கிறா" என்று மாமனாரிடம் கேட்டேன்.

"கொட்டகை ஒழுவுதும்மா. நெல்லு நனைஞ்சா போச்சு. புள்ளையத் தூக்கி வெச்சுக்க."

கோபம் வந்தாலும் அவர் சொன்னதில் நியாயம் இல்லாமலில்லை. ஒரு போகத்து உழைப்பு அது. ஆகவே குழந்தையைக் கட்டிலில் வைத்துச் சுற்றிலும் தலையணை அடுக்கினேன். அவளுக்குத் தவழ இருந்த இடம் அவ்வளவுதான்.

சனிக்கிழமை என் கணவரின் அக்கா வந்தார். நான் அண்ணி என்று கூப்பிடுவேன். கொல்லையில் துணி அலசிக்கொண்டிருந்தேன். குழந்தை பிறந்தபின் வீட்டுக்கு வந்த முதல் நெல் என்று, அண்ணி அவளுக்குப் பட்டுப்பாவாடை உடுத்தி, நெல் குவியலின் மேலேயே உட்காரவைத்துப் படம் எடுத்திருக்கிறார். மாமனார் பிடித்துக்கொள்ள, என் கணவர் முன்னால் நின்று கைதட்டிச் சிரிப்புக் காட்டியிருக்கிறார். மூன்று பெரியவர்கள்!

இருமல் சத்தம் கேட்டு ஓடினேன். குழந்தையின் முகம் சிவந்து, பிறகு ஒரு மாதிரி கருத்தது. முதுகில் தட்டத் தட்ட இருமல் அடங்கியது. வாயில் விரலை விட்டுப் பார்த்தேன். இரண்டு நெல் வந்தது.

"ஒண்ணுமில்ல, துப்பிட்டா" என்றார் அண்ணி. "போட்டோவப் பாரேன், குட்டி மகாலட்சுமி!"

அந்தப் படம் அன்றே ஊர் முழுக்கப் போனது. அன்றிரவிலிருந்து குழந்தையின் மூச்சில் மெல்லிய சீழ்க்கை கேட்டது. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன். மழைக்காலச் சளி என்றார்கள். திங்கட்கிழமை காய்ச்சலும் சேர்ந்தது. மறுபடி சொன்னேன்.

"தொக்கம் விழுந்திருக்கும். எடுத்தா சரியாப் போயிடும்" என்றார் மாமனார்.

தின்றது உள்ளே சிக்கிக்கொள்வதைத் தொக்கம் என்பார்கள். அதை எடுப்பவர் இரண்டு ஊர் தள்ளி இருக்கிறார். தொண்டையில் எண்ணெய் தடவி, வெளியே தோலின்மேல் சின்னக் குழாயை வைத்து வாயால் உறிஞ்சி, உள்ளங்கையில் துப்பிக் காட்டுவார். தோலுக்கு வெளியிலிருந்து உறிஞ்சினால் உள்ளே இருப்பது எப்படி வரும் என்று யாரும் கேட்பதில்லை. நான் கேட்டேன்.

"உனக்கு எல்லாத்துலயும் கேள்விதான்" என்றார் அண்ணி. "எம் பசங்க ரெண்டு பேருக்கும் எடுத்திருக்கேன், கல்லு மாதிரி இருக்காங்க."

என் கணவர் வண்டியை எடுத்துவிட்டார், மாமனாரும் கிளம்பினார். குழந்தையைத் தனியாக அனுப்ப மனமில்லாமல் நானும் போனேன்.

அந்த மனிதர் உறிஞ்சினார், துப்பினார், கையை நீட்டினார். ஒரு நெல். கூடி நின்றவர்கள் "அப்பாடா" என்றார்கள். மாமனார் பணம் கொடுக்க வேட்டி மடிப்பை அவிழ்த்தார். நான் குனிந்து அந்த நெல்லைப் பார்த்தேன். எங்கள் கூடத்தில் கிடப்பது குண்டு ரகம். அவர் கையில் இருந்தது ஊசி போல நீண்ட சன்னம்.

"இது எங்க வீட்டு நெல்லு இல்லீங்க" என்றேன்.

அவர் சிரித்தார். "உள்ள ஊறுனா மெலிஞ்சு போவும்மா."

நான் என் கணவரைப் பார்த்தேன். விதைத்து, நட்டு, அறுத்த மனிதர். அவர் அந்த நெல்லைப் பார்த்தார், தன் அப்பாவைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார்.

வீட்டுக்கு வந்ததும் அண்ணி போனில், "நெல்லு வந்திருச்சு" என்று யார் யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தார். குழந்தை என் தோளில் சீழ்க்கையடித்துக்கொண்டிருந்தாள். மறுநாள் காலை பால் குடிக்க முடியாமல் மூச்சு வாங்கினாள். ஒவ்வொரு மூச்சுக்கும் விலாவுக்குக் கீழே குழி விழுந்தது. இனி யாரிடமும் கேட்பதில்லை என்று பையை எடுத்தேன்.

"அதான் எடுத்தாச்சே, எங்க கெளம்புறே?" என்றார் மாமனார்.

வாழ்க்கையில் முதல்முறையாக அவரிடம் குரலை உயர்த்தினேன். "நம்ம பசு இருமுனா மாட்டுக் காலேஜுக்கு வண்டி வெச்சு ஏத்திட்டுப் போறீங்க மாமா. எம் புள்ளைக்கு மட்டும் ஊதுகுழலா?"

கூடத்தில் நடக்க விட்டிருந்த வழியைத் தேடாமல் நெல்லை மிதித்துக்கொண்டே வெளியே வந்தேன். ஆட்டோ கிளம்பும்போது என் கணவர் ஓடிவந்து ஏறினார்.

தஞ்சாவூரில் பெரிய ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே படம் எடுத்தார்கள். நெல் படத்தில் தெரியவில்லை. ஆனால் ஒரு பக்க நுரையீரல் மற்றதைவிடப் பெருத்திருந்தது. அந்தப் பக்கம் காற்று போகிறது, திரும்ப முடியவில்லை என்றார் டாக்டரம்மா. எப்போது நடந்தது என்று கேட்டார். சனிக்கிழமை என்றேன். "இவ்வளவு நாள் என்ன பண்ணீங்க?" என்றார். மயக்க மருந்து கொடுத்து, வாய்வழியே குழாய் விட்டு எடுக்க வேண்டும், நெல்லின் சொரசொரப்பால் அது உள்நோக்கித்தான் போகும், மூச்சு நின்றுபோகும் ஆபத்து உண்டு என்று சொல்லிக் கையெழுத்து வாங்கினார்கள். எங்கள் இருவர் கையெழுத்தையும்.

கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்தபோது என் கணவர் சொன்னார்: "அது நம்ம நெல்லு இல்லன்னு எனக்கும் தெரிஞ்சுது."

"தெரிஞ்சுதா?"

"பாத்த உடனே தெரிஞ்சுது. அப்பா நிக்கிறப்ப எப்படிச் சொல்றது..."

அவரை அடித்துவிடுவேன் என்று பயந்து எழுந்து போய்ச் சுவரோரம் நின்றேன். தெரியாமல் செய்கிறவர்களை என்னால் ஒருநாள் மன்னிக்க முடியலாம். இவருக்குத் தெரியும். தெரிந்துகொண்டே அந்த இரவைத் தூங்கிக் கழித்தார்.

நெல்லை எடுத்துவிட்டார்கள். ஒரு நர்ஸ் பஞ்சில் வைத்துக் கொண்டுவந்து காட்டினார். ஊறி, கருத்த, குண்டு நெல். குழந்தை கண் விழித்து அழுதாள். சீழ்க்கை இல்லாத அழுகை. என் கணவர் வார்டு முழுக்கப் பார்க்க அவளைத் தோளில் போட்டுக்கொண்டு விம்மினார். நான் அவரைத் தேற்றவில்லை.

மறுநாள் மாமனார் பழத்தோடு வந்தார். நெல்லைப் பற்றிக் கேட்டார். சொன்னோம். நெடுநேரம் யோசித்தார். பிறகு சொன்னார்:

"அவரு எடுத்தது ஒண்ணு. இது இன்னொண்ணு. புள்ள ரெண்டு முழுங்கியிருக்கு."

"இல்லப்பா. அவரு காட்டுனது சன்னம்" என்றார் என் கணவர். அப்பாவிடம் அவர் பேசிய முதல் எதிர்ப்பேச்சு. இரண்டு நாட்களுக்கு முன்னால் வந்திருக்க வேண்டியது.

மாமனார் பழத்தை வைத்துவிட்டுப் போனார். அவர் சொன்னதுதான் ஊரில் நின்றது. தை பிறந்ததும் நாங்கள் மூவரும் ஒரத்தநாட்டில் வாடகை வீட்டுக்கு வந்துவிட்டோம். அதற்கும் நான்தான் காரணம் என்று பேச்சு.

போன மாசியில், முதல் பிறந்தநாள் முடிந்த வாரம், குழந்தையோடு பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். பக்கத்தில் ஒரு சின்னப் பெண், மடியில் இருமும் குழந்தை. எங்கே என்று கேட்டேன்.

"தொக்கம் எடுக்கக்கா. பெரிய கைராசிக்காரராம். ஒரு டீச்சர் புள்ளைக்கு நெல்லு மாட்டிக்கிட்டு, இவருதான் எடுத்தாராம். அப்புறம்தான் பெரிய ஆஸ்பத்திரியிலயே மிச்சத்த எடுக்க முடிஞ்சுதாம்."

"அந்தப் புள்ள இதுதான். அவரு ஒண்ணும் எடுக்கல. வாயில ஒளிச்சு வெச்சிருந்தத துப்பிக் காட்டுனாரு. எம் பொண்ணு செத்துப்போயிருப்பா."

பஸ் முழுக்கத் திரும்பிப் பார்க்கும்படி சொன்னேன். அவள் என்னையும் என் மகளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஆனா புள்ள நல்லாத்தானேக்கா இருக்கு?" என்றாள்.

தொக்கம் எடுப்பவரின் ஊர் வந்தது, அவள் இறங்கினாள். நானும் இறங்கினேன்.

"நீங்களும் அவருகிட்டதான் வர்றீங்களா?"

"ஆமா" என்றேன். "உம் புள்ளைய உடனே அவருகிட்ட குடுத்துடாத. முதல்ல அவரு வாயத் தொறந்து, உள்ள ஒண்ணும் ஒளிச்சு வைக்கலன்னு காட்டச் சொல்லி நான் கேக்குறேன். அதுக்கப்புறம் அவரு குழாய எடுக்கட்டும்."

மகளை இடுப்பில் ஏற்றிக்கொண்டு அவளுக்கு முன்னால் நடந்தேன்.