என் காலுக்காகக் கொடுத்த மனு

எங்கள் பாத்திரக்கடைத் தரையில் குங்குமம் சிந்தியது போலத் திட்டுத் திட்டாக இருந்தது. முந்தின நாள் அமாவாசைக்கு மேல்மலையனூர் போய் வந்திருந்தோம். பிரசாதத்தைக் கொட்டி மிதித்துவிட்டீர்களே என்று என் கணவரைத் திட்டினேன்.

அவர் குனிந்து பார்த்தார். "ஒங்காலத் தூக்கு" என்றார்.

வெயிலில் வெறுங்காலோடு வரிசையில் நின்றதில் உள்ளங்கால் வெந்து, கொப்புளம் உடைந்து ரத்தம் கசிந்திருந்தது. எனக்கு ஒன்றுமே தெரியவில்லை.

மருத்துவர் அதற்கு நியூரோபதி (சர்க்கரையால் நரம்பு மரத்துப்போதல்) என்றார். டெப்ரைட்மென்ட் (அழுகிய தசையை வெட்டி எடுத்தல்) செய்தார்கள். "மாசக்கணக்கா டிரஸ்ஸிங் பண்ணணும்மா. விட்டீங்கன்னா கால் போயிடும்" என்று சொல்லி அனுப்பினார். காலை ஊன்றக் கூடாது என்பதால் சுகாதார நிலையத்து நர்ஸ் வாரம் இருமுறை வீட்டுக்கே வருவதாக ஏற்பாடு.

நான்கு மாதத்தில் மூன்று பேர் வந்தார்கள். ஒருத்தி சென்னைத் தனியார் மருத்துவமனைக்குப் போனாள். ஒருத்தி கல்யாணமாகி வெளிநாடு போனாள். மூன்றாமவள் ஏன் நின்றாள் என்றே தெரியாது. ஒவ்வொருத்தியும் கட்டைப் பிரித்து, "எப்ப ஆச்சு?" என்று முதலிலிருந்து கேட்பாள். சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. இடையில் யாரும் வராத வாரங்களில் புண் மறுபடி நாறும்.

பிறகு செல்வி வந்தாள். தென்காசிப் பக்கம். எட்டு மாதம் ஒருநாள் தவறவில்லை. உள்ளங்கையளவு இருந்த புண் ஒரு ரூபாய் நாணயத்தளவு சுருங்கியது. கண்ணாடியைத் தரையில் வைத்து என் பாதத்தை நானே பார்க்கவும் பழக்கினாள்.

அப்போதுதான் அவளுக்கு மாறுதல் வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டேன். பயந்துவிட்டேன். கணவரை விட்டுக் கடைத்தெரு முழுக்கக் கையெழுத்து வாங்கி, "இவரை மாற்ற வேண்டாம்" என்று விழுப்புரம் சுகாதார அலுவலகத்தில் மனு கொடுக்கச் செய்தேன். மாறுதல் நின்றது. அவளுக்குப் பெருமையாக இருக்கும் என்று நினைத்து, அன்று கேசரி கிண்டி வைத்திருந்தேன்.

செல்வி கேசரியைத் தொடவில்லை. பஞ்சால் புண்ணைத் துடைத்துக்கொண்டே, "மாறுதல் நாந்தான்க்கா கேட்டேன். பாப்பா எங்கம்மாட்ட வளருதா. மூணு வயசு. போன்ல என்னை ‘நர்ஸக்கா’ன்னு கூப்பிடுதா" என்றாள்.

அவளுக்கு ஒரு குழந்தை இருப்பதே எனக்குத் தெரியாது. எட்டு மாதமும் என் காலைப் பற்றி மட்டுமே பேசியிருக்கிறேன். அவமானமாக இருந்தது.

"மனுவத் திருப்பி வாங்கணும்" என்றேன் கணவரிடம்.

"புண்ணு இன்னும் ஆறலடி. அவ போயிட்டா யார் வருவா?"

"யாராவது வரட்டும். வராட்டியும் போவுது."

மெத்தைச் செருப்பு போட்டுக்கொண்டு, விழுப்புரம் பஸ்ஸில் ஏறினேன். ஒரு வருஷத்தில் அந்தக் கால் போன முதல் தூரம் அதுதான். அலுவலர், "இருக்கணும்னு ஒரு மனு, போவட்டும்னு ஒரு மனுவா? இன்னாம்மா இது?" என்றார். தப்பு எங்களுடையது என்றேன்.

செல்வி போய்விட்டாள். ஆறு வாரம் யாரும் வரவில்லை. நானும் கணவரும் அவள் காட்டியபடியே கட்டினோம். புண் அப்படியே இருக்கிறது; பெருகவுமில்லை, மூடவுமில்லை. கால் எனக்கு ஒன்றும் சொல்வதில்லை. தினமும் கண்ணாடியில் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறேன். மாதங்களை இப்போது நான் பெயர் சொல்லி எண்ணுவதில்லை. செல்வி இருந்தபோது, செல்வி போன பிறகு, அவ்வளவுதான்.

இதே புண்ணோடு காத்திருப்பவர்களுக்குச் சொல்ல என்னிடம் பெரிய வைத்தியம் ஒன்றுமில்லை. நேற்று புது நர்ஸ் ஒருத்தி பையோடு வந்து உட்கார்ந்தாள். கட்டைப் பிரிக்கக் கை நீட்டி, "எப்பக்கா ஆச்சு?" என்றாள்.

நான் காலை இழுத்துக்கொண்டேன்.

"அத்த அப்புறம் சொல்றேன். ஒனக்கு எந்த ஊரும்மா? புள்ளைங்க யாருகிட்ட இருக்குது?"