சார்ஜ் ஏறாத வண்டி

மனைவி இறந்துபோன பிறகு, ஐயம்பேட்டை போகும் சாலையில் இருந்த என் பட்டறையிலும் வீட்டிலும் நான் தனியாள்தான். லாரி, பஸ், வேன் எது வந்தாலும் டைனமோ வேலை பார்ப்பேன். பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். வண்டியை விட்டுவிட்டு ஆட்கள் டீக்கடைக்குப் போய்விடுவார்கள். "ஆச்சாபா?" "ஆச்சு." சில நாள் பொழுது சாயும்வரை இவ்வளவுதான் பேச்சு.

தொண்ணூறுகள் முடியும் சமயத்தில் ஓர் அமரர் ஊர்தி வந்தது. இறந்தவர்களை ஆஸ்பத்திரியிலிருந்து குளிர்பெட்டியில் ஊருக்குக் கொண்டுபோகும் வேன். ஓட்டுபவருக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். பட்டறைக்குச் சற்றுத் தள்ளி இருந்த புளியமரத்தடியில் வண்டியை நிறுத்திவிட்டு நடந்து வந்தார்.

"ரெண்டு பேட்டரி மாத்திட்டேம்பா. பாக்கறவங்கல்லாம் டைனமோ நல்லாத்தான் இருக்குதுன்றாங்க. பொட்டிய போட்டா பாதி வழியில கரண்டு பூடுது."

"உள்ள கொண்டாந்து நிறுத்துங்கண்ணா."

"இந்த வண்டியவா? பரவாயில்லியா?"

என்ஜினை ஓடவிட்டு மீட்டரை வைத்தேன். பதினான்கு வோல்ட் காட்டியது. எல்லாரும் இதைப் பார்த்துத்தான் ஏமாந்திருக்கிறார்கள். குளிர்பெட்டி, விளக்கு, மின்விசிறி எல்லாவற்றையும் போடச் சொன்னேன். முள் மெல்ல இறங்கிப் பன்னிரண்டுக்குக் கீழே போனது. கூடவே டைனமோவிலிருந்து ஒரு முனகல். பெட்டிக்காகவே பெரிய டைனமோ மாட்டியிருந்தார்கள். பிரித்தபோது உள்ளே ஒரு டயோடு கருகிக் கிடந்தது. சும்மா ஓடும்போது மற்ற டயோடுகள் சமாளித்துவிடும். பெட்டி, விளக்கு என்று லோடு ஏறினால் முடியாது.

நான் வேலை செய்து முடிக்கும்வரை அவர் ஸ்டூலைவிட்டு எழவில்லை.

"டீக்கடையில நான் உக்காந்தா பக்கத்துல இருக்கறவன் எழுந்துக்கினு போறாம்பா," என்றார்.

மதியம் என் எலுமிச்சை சாதத்தில் பாதியை டிபன் மூடியில் வைத்துக் கொடுத்தேன். கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சாப்பிட்டார்.

"பின்னாடி அழுதுகினே வருவாங்க. ஆறுதலா ஒண்ணு சொல்லலாம்னு இருக்கும். டிரைவரு என்னாத்த சொல்றது? ரோட்டப் பாத்துக்கினு ஓட்டுவேன்."

பதினைந்து நாள் கழித்து மறுபடி வந்தார். "என்னமோ சத்தம் கேக்குதுபா."

எல்லா லோடையும் போட்டுப் பார்த்தேன். முள் அசையவில்லை. சத்தமும் இல்லை. அதை நான் சொல்லவில்லை. "பெல்ட்டு லேசா தளர்ந்திருக்குதுண்ணா," என்று சொல்லி, சரியாக இருந்த பெல்ட்டையே ஒரு மணி நேரம் பார்த்தேன். அதன்பிறகு சவாரி இல்லாத நாட்களில் வந்துவிடுவார். நானும் சாதம் கூடுதலாக வடிக்க ஆரம்பித்தேன். வீடு எங்கே, யார் இருக்கிறார்கள் என்று ஒருநாளும் கேட்கவில்லை.

அடுத்த மழைக்காலத்தில் ஒரு மாதம் அவரைக் காணோம். பிறகு அதே வேனை வேறொருவர் ஓட்டிவந்தார். முன்விளக்கு எரியவில்லை என்றார்.

"அவரு எங்கபா?"

"வேலைய வுட்டுட்டாரே. சேலம் பக்கம் மக வூட்டோட பூட்டாரு."

"எனக்கு எதுனா சொன்னாரா?"

"உங்களுக்கா? இல்லியே. நீங்க சொந்தமா?"

"இல்ல. வண்டிய இங்கதான் கொண்டாருவாரு."

அவருடைய விலாசம் கேட்டிருந்தால் இந்தப் புது டிரைவர் வாங்கிக்கொடுத்திருப்பார். கேட்கக் கூச்சமாக இருந்தது. பல்பை மாற்றி, இரண்டு முறை போட்டுக் காட்டி அனுப்பிவைத்தேன்.