சென்டர் ஹாஃபை வைத்திருப்பதா?

அந்த ரோல்ஸ் தட்டுத்தான் முதலில் நினைவுக்கு வருகிறது. ஓரத்தில் நீலப் பூப்போட்ட பீங்கான் தட்டு. மாஸ்டர் வீட்டு முன்னறையில் அது கைமாறிக் கைமாறி வந்தது. எங்கள் சென்டர் ஹாஃப் அண்ணை அதை வாங்கி, ஒன்றும் எடுக்காமல் பக்கத்திலிருந்த என்னிடம் தள்ளிவிட்டார். ஆட்டிறைச்சி ரோல்ஸ் என்றால் உயிரை விடுகிற மனிதர் அவர். நான் அவர் பங்கையும் சேர்த்து எடுத்துக்கொண்டேன்.

எண்பதுகளின் நடுப்பகுதி. லண்டன் மோர்டனில் ஒரே பள்ளிக்கூடத்துப் பழைய மாணவர்கள் சேர்ந்து ஒரு கால்பந்து அணி வைத்திருந்தோம். கிழமை முழுக்கப் பெட்ரோல் ஸ்டேஷனிலும் ரெஸ்டோரண்ட் குசினியிலும் ஷிப்ட் அடித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை பார்க்கில் ஓடுவோம். ஓடமுடியாத காரணத்தால் என்னைக் கோல் கீப்பர் ஆக்கினார்கள். ஓடவே தேவையில்லாதவர் சென்டர் ஹாஃப் அண்ணை. நடுவில் நின்று பந்தை வாங்கி, தலையை ஒருமுறை நிமிர்த்தி, யாருக்குப் போகவேண்டுமோ அவன் காலடிக்கே அனுப்பிவிடுவார். அவர் இல்லாமல் நாங்கள் வெறும் பத்துப் பெட்ரோல் ஸ்டேஷன்காரர்கள்.

அப்படிப்பட்டவருக்கு அந்த இலையுதிர் காலத்தில் ஏதோ நடந்துவிட்டது. பந்து வந்தால் நின்று பார்ப்பார். பிறகு திரும்பி என்னிடமே உருட்டிவிடுவார். நான் கையால் எடுத்து அவரிடமே எறிவேன். அவர் மறுபடி எனக்கே அனுப்புவார். அடுத்த ஞாயிறு செவன் கிங்ஸ் அணியோடு அரையிறுதி. அவரை அணியில் வைத்திருப்பதா, வெளியே இறக்குவதா என்று பேசத்தான் அன்று பின்னேரம் கூடியிருந்தோம். ஒருவரைப் பற்றி அவர் முதுகுக்குப் பின்னால் பேசக்கூடாது என்பது மாஸ்டரின் சட்டம். ஊரில் படிப்பித்துவிட்டு வந்து இங்கே எங்களைப் போலவே ஷிப்ட் அடித்த மாஸ்டர்தான் அணிக்கு மனேஜர். அதனால் அண்ணையும் எங்களோடு இருந்தார்.

"குறை நினையாதை அண்ணை," என்று லெப்ட் பேக் தொடங்கினான். "பந்தை வாங்கிக் கீப்பரிட்டையே திருப்பிக் குடுக்கிறியள். அப்ப ஆர் கோல் அடிக்கிறது? செவன் கிங்ஸ்காரர் எங்களை வைச்சுத் தின்னப்போறாங்கள்."

"கால்நோ ஏதுமோ?" என்றார் மாஸ்டர்.

"இல்லை."

"தாடியைப் பாத்தாத் தெரியேல்லையே மாஸ்டர்? ஏதோ பெட்டை கையை விரிச்சிட்டாள்," என்றான் லெப்ட் பேக். எல்லோரும் சிரித்தோம். அண்ணையும் சிரிப்பது போல வாயை வைத்துக்கொண்டார். ரோல்ஸைத் தொடாததைக்கூட ஒருவர் கோபம் என்றார், இன்னொருவர் பெருமை என்றார். இறக்குவோம் என்ற பக்கம்தான் கைகள் எழும்பின. வைத்திருக்கவேண்டும் என்று நான் சொன்னேன். அதற்கு ஒரு காரணம் சொல் என்றார்கள், நான் அவர் பங்கு ரோல்ஸைக் கடித்தேன்.

மாஸ்டரின் மனைவி தேத்தண்ணி கொண்டுவந்தார். குடித்துவிட்டு வைத்த கோப்பைகளையும் ரோல்ஸ் மிஞ்சியிருந்த தட்டையும் எடுக்கக் குனிந்தவர், அண்ணையின் முகத்தைப் பார்த்தார். மற்ற எவரும் கேட்காததைக் கேட்டார்.

"ஆர் தம்பி?"

"அம்மா."

"எப்ப?"

"மூண்டு கிழமையாப் போச்சு அக்கா."

சாவு நடந்த வீட்டு ஆண்கள் சவரம் செய்யமாட்டார்கள், மீன், இறைச்சி என்று மச்சம் தொடமாட்டார்கள், முப்பத்தோராம் நாள் காரியம் முடியும்வரை விளையாட்டு, கொண்டாட்டம் எதற்கும் போகமாட்டார்கள். துடக்கு என்போம். இது அந்த அறையில் இருந்த யாருக்கும் யாரும் சொல்லித்தரவேண்டியதில்லை. ஆனால் ஊரில் ஒருவர் கண்ணை மூடினால் லண்டன் முழுக்க டெலிபோன் அடிக்கும். எங்கள் வீடுகளில் டெலிபோன் அடிக்கவில்லை, ஆகவே யாரும் சாகவில்லை என்று இருந்துவிட்டோம். அவருக்கு இங்கே சொந்தமென்று ஒருவரும் இல்லை. செய்தி கொழும்பிலிருந்து அவருக்கு மட்டும் வந்தது.

"எங்களுக்கேன் சொல்லேல்லை?" என்று மாஸ்டர் கேட்டார்.

"சொன்னா எல்லாரும் என்ரை அறைக்கு வந்திருப்பியள். நானும் அங்கைதான் இருக்கவேணும். ஞாயிற்றுக்கிழமை எண்டா, பார்க்குக்காவது போறனான் மாஸ்டர். அதையும் விட்டா நான் எங்கை போறது?"

அவர் அழவில்லை. நாங்களும் அழவில்லை. யுத்தம் நடந்த அந்த வருடங்களில் அழுகிறதற்கு ஓர் ஒழுங்கே இல்லாமல் ஊரிலிருந்து சாவுச் செய்திகள் வந்துகொண்டிருந்தன. எனக்குள் ஏதாவது அசைகிறதா என்று பார்த்தேன், ஒன்றும் அசையவில்லை. கையில் ரோல்ஸ் எண்ணெய் மட்டும் பிசுபிசுத்தது. இப்போது அவரை இறக்குவதற்கு ஆட்டத்தைக் காரணம் காட்டவே தேவையில்லை, துடக்கு ஒன்றே போதும். விபூதி பூசாமல் வாசல் தாண்டாத மாஸ்டர் என்ன சொல்லப்போகிறார் என்று எல்லோரும் அவரைப் பார்த்தோம். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"பத்து மணிக்கு மட்ச். நேரத்துக்கு வந்திடு."

அரையிறுதியில் தோற்றோம். அண்ணை முழு ஆட்டமும் நின்றார், பந்தை எனக்கே உருட்டினார், நான் அவருக்கே எறிந்தேன். ஆட்டம் முடிந்ததும் லெப்ட் பேக் அவர் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தான்.

போன வருடம் என் அம்மா மோர்டனில் காலமானார். இப்போது டெலிபோன்கூடத் தேவையில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து நான் வீடு வந்து சேரமுன் வாசலில் சப்பாத்துகள் நிறைந்திருந்தன. நாள்தோறும் ஆட்கள் வந்தார்கள், இருந்தார்கள், கதைத்தார்கள். நான் நடுவில் தாடியோடு இருந்தேன், யாருக்கு என்ன பதில் சொன்னேன் என்று தெரியாது. ஒரு பின்னேரம் யாரோ மரக்கறி ரோல்ஸ் தட்டைக் கொண்டுவந்து என் கையில் தந்தார்கள். நான் ஒன்றும் எடுக்காமல் பக்கத்திலிருந்தவரிடம் தள்ளினேன். பக்கத்தில் இருந்தவர் சென்டர் ஹாஃப் அண்ணை. முடி முழுக்க நரைத்து, முழங்காலில் பட்டி கட்டிக்கொண்டு வந்திருந்தார். தட்டை வாங்கி மேசையில் வைத்துவிட்டு, மெல்ல எழும்பினார்.

"சப்பாத்தைப் போடு," என்றார். "பார்க்குக்குப் போவம்."