ஒருத்தரும் மிச்சமில்லாமல்

நோர்வேக்காரர்களுக்கு எதற்கும் கேக் வேண்டும். வேலைக்கு வந்தாலும் கேக், விலகிப் போனாலும் கேக். இலங்கையில் யுத்தம் முடிந்த வாரம், எங்கள் மீன் தொழிற்சாலையின் சாப்பாட்டு அறைக்கு இங்கெர் என்ற சக தொழிலாளி ஒரு கேக்கோடு வந்தாள். மேலே எங்கள் நாட்டுக் கொடி குத்தியிருந்தது. “கிராத்துலேறர்!” என்று என்னையும் சிவாவையும் வாழ்த்தினாள். ஒரே நாட்டுக்காரர், ஒரே சந்தோஷம் என்று நினைத்திருப்பாள். நான் நன்றி சொல்லி ஒரு துண்டு எடுத்தேன். சிவா எழுந்து போய்விட்டான்.

நான் நிந்தவூர், முஸ்லிம் குடும்பம். அவன் கல்முனை, கடற்றொழில் செய்யும் தமிழ்க் குடும்பம். சுனாமி வந்த காலை கல்முனைக் கடற்கரையில் உறவுக்காரர் வீட்டிலிருந்த என் உம்மாவைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடிக் காப்பாற்றியவர் அவனுடைய அப்பா. அந்தப் பழக்கத்தில்தான் சிவா எனக்கு இங்கே வேலை பிடித்துத் தந்தான். ஒரே வீட்டில் இருந்தோம்.

அன்று மாலை எங்கள் ஊர் இணையத்தளத்தைத் திறந்தேன். யுத்தம் முடிந்த செய்தியின் கீழ் ஊரார் எழுதிக்கொண்டிருந்தார்கள். தமிழ் இயக்கத்து ஆயுதக்காரருக்குப் பயந்து வாப்பா வருஷக்கணக்காகப் போகாமல் விட்ட வயல், காடேறிக் கிடந்தது நினைவுக்கு வந்தது. “அல்ஹம்துலில்லாஹ்! ஒருத்தரும் மிச்சமில்லாம முடிஞ்சிது. வெடி கொளுத்துங்க” என்று பெயர் போட்டு எழுதி அனுப்பிவிட்டு, சோறு சமைக்கப் போனேன். முல்லைத்தீவில் வாழ்க்கைப்பட்ட சிவாவின் அக்காவும் இரண்டு பிள்ளைகளும் எங்கே என்று மாதக்கணக்காகத் தெரியாது. அது எனக்குத் தெரியும். எழுதிய அந்த ஒரு நிமிடத்தில் அவர்கள் என் மனதில் வரவே இல்லை.

மறுநாள் வேலைக்கு நடக்கும்போது சிவா கேட்டான்.

“மச்சான், அது நீ எழுதினதா?”

“ஓம். நான் சொன்னது இயக்கத்தை…”

“ஒருத்தரும் எண்டுதானே எழுதியிருக்காய். அதுக்குள்ள எங்கட அக்கா இல்லையாடா?”

தளம் நடத்துபவர்களைக் கெஞ்சி அதை நீக்க வைத்தேன். அதற்குள் கல்முனை வரை போய்விட்டது. உம்மா தொலைபேசியில் அழுதார்.

“என்னத்த எழுதின நீ மகன்? சிவாட தாய் என்னைக் கண்டு முகத்தத் திருப்பிட்டா. அந்த மனுசன் என்னைத் தூக்கக்குள்ள, நீ ஆரு எண்டு கேட்டாரா?”

உண்மையான நிம்மதியைத்தான் எழுதினேன் என்று எனக்கே பலமுறை சொல்லிப் பார்த்தேன். அதை இன்னொருவர் வீட்டுப் பிணங்களின் மேல் ஏறி நின்று சொல்லியிருக்கிறேன். அனுப்புமுன், பக்கத்து அறையில் இருந்தவனை ஒரு தரம் நினைத்திருந்தால் போதும்.

சில வாரங்கள் கழித்து இங்கெர்தான் சொன்னாள்: அக்கா அகதி முகாமில் உயிரோடு இருக்கிறாளாம். மூத்த பிள்ளை இல்லையாம். “உனக்குத் தெரியாதா?” என்று வியந்தாள். நான் ஓடிப்போய் சிவாவின் கையைப் பிடித்தேன். “மன்னிச்சிக்க மச்சான்” என்றேன். அவன் கையை மெல்ல எடுத்துக்கொண்டு, “தக்” என்றான். நோர்வே மொழியில் நன்றி.

அதன் பிறகு அவன் என்னோடு தமிழ் கதைப்பதில்லை. ஒரே மேசையில்தான் சாப்பிடுகிறோம். உப்பு வேண்டுமென்றாலும் நோர்வே மொழியில் கேட்கிறான். நானும் அதிலேயே பதில் சொல்லி நீட்டுகிறேன். எங்கள் இருவருக்கும் மொழி நன்றாக வந்துவிட்டது என்று இங்கெர் மெச்சுகிறாள்.