தலை அரை, கால் கால்!

நேற்றுக் காலை பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில், திருச்சி பஸ்ஸில் வந்த பார்சலைப் பிரித்தேன்.

தப்பான பிட்!

தங்கச்சி செல்விக்குக் கல்யாணம். சீருக்கு டிரஸ்ஸிங் டேபிள் நானே செய்கிறேன். (டிப்ளமோ மெக்கானிக்கல். வேறு யார் செய்வது?) வெள்ளிக்கிழமை சாமான் வண்டி உடையார்பாளையம் கிளம்புகிறது. டிராயர் மட்டும் பாக்கி. (மேசை டிராயர்!)

ஆணியே அடிக்க மாட்டேன் என்று மாப்பிள்ளையிடம் அளந்துவிட்டாயிற்று. டவ்டெயில்தான்! பலகை ஓரங்களில் புறா வால் மாதிரி விரிந்த பற்கள். கோத்துவிட்டால் இழுத்தாலும் வராது.

வெட்ட ரூட்டர் இருக்கிறது (இன்டர்நெட் பெட்டி இல்லை சார், மரம் குடைகிற மெஷின்; அதில் மாட்டுகிற வெட்டு அலகுதான் பிட்). பல் பிசகாமல் வழிகாட்ட ஜிக் என்கிற சட்டமும் இருக்கிறது. ஜிக் கேட்பது பதினாலு டிகிரி சரிவு, வெட்டும் தலை அரை இன்ச். என் மெஷினில் நுழையும் தண்டு கால் இன்ச். எதில் பிசகினாலும் பிட் குப்பைக்கு. அந்தத் தண்டை எங்கள் பட்டறையில் 'கால்' என்போம். வம்பே அங்கேதான்.

உள்ளூரில் கிடைக்கவில்லை, அரியலூரிலும் இல்லை. முந்தாநாள் திருச்சிக் கடைக்குப் போன் போட்டேன்.

"அண்ணே, டவ்டெயில் பிட்டு. பதினாலு டிகிரி. தலை அரை, கால் கால்."

"தலைய அரைக்கணுமாங்க?"

"தலை அரை இன்ச்சுண்ணே! கால் கால்!"

"ரெண்டு கால் சொல்றீங்க. ரெண்டு பீஸா?"

"ஒண்ணுதாங்க! கால், கால்!"

"இருங்க தம்பி, எழுதிக்கிறேன். அரைங்கிறது தலையா, காலா?"

"ஒரு தடவ சொன்னா புரியாதா?"

வைத்துவிட்டேன்.

வந்திருப்பது: தலை கால், கால் அரை!

பஸ் ஸ்டாண்டிலிருந்தே மறுபடி போன்.

"தலைகால் தெரியாமதான் கடை வச்சிருக்கீங்களா?"

"நான் கேக்கக் கேக்க போன வச்சது யாரு தம்பி?"

கூட வந்திருந்த செல்வி போனைப் பிடுங்கினாள்.

"கொண்டா இங்க! டிராயர் இல்லாத டேபிளோடயா நான் அந்த வூட்டுக்குப் போறது?"

அப்புறம் போனில், தேன் ஒழுக:

"அண்ணே, நாந்தாங்க கல்யாணப் பொண்ணு. பதினாலு டிகிரி. தலை பெருசா இருக்கணும், கால் ஒல்லியா இருக்கணும். எங்க அண்ணன் மாதிரியே!"

அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு.

"இப்பப் புரிஞ்சிச்சும்மா. சாயங்கால பஸ்ல அனுப்பிடறேன்."

சாயங்காலம் பஸ் வந்தது. கண்டக்டர் படியில் நின்று பொட்டலத்து மேல் எழுதியிருந்ததைச் சத்தமாக வாசித்தார்.

"தலைக்கனம்! தலைக்கனம் யாருப்பா?"

பாதி பஸ் ஸ்டாண்ட் திரும்பிப் பார்த்தது.

வெள்ளிக்கிழமை வண்டி நிற்காதே. கையைத் தூக்கினேன்.

பிட் கச்சிதம்! முதலில் கழிவுப் பலகையில் வெட்டிப் பார்த்தேன், கொஞ்சம் லூஸ். பிட்டை ஒரு துளி வெளியே இறக்கினேன், கப்பென்று பிடித்துக்கொண்டது. ராத்திரிக்குள் நாலு டிராயரும் ரெடி.

உங்கள் ஊரில் அந்தத் தண்டுக்கு என்ன பெயர்? 'கால்' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்!